செங்டுவில் சிச்சுவான் சாப்பாடு: எதைக் கேட்டு வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

செங்டுவுக்குச் சாப்பிடுவதற்காகவே போகிறவர்களில் பலர் முதல் வேளையையே ஹாட்பாட் கடையில் தொடங்கிவிடுகிறார்கள். மாட்டுக் கொழுப்பும் காய்ந்த மிளகாயும் சேர்ந்து கொதிக்கும் அந்தச் சட்டியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தவருக்கு அன்று முழுவதும் வேறு எந்த உணவின் நுணுக்கமும் பிடிபடாது என்பதால், அது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான இந்த ஊரை யுனெஸ்கோ 2010இல் உணவுக்கலைக்கான நகரமாக அறிவித்தது. ஆசியாவில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது செங்டுதான். இங்குள்ள சமையற்காரர்கள் தங்கள் சமையலை இருபத்து நான்கு சுவைக் கூட்டுகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றுள் மிளகாயே சேராதவையும் உண்டு. மிளகாய் சேர்ந்தாலும் புளிப்பும் இனிப்பும் முந்திக்கொள்பவையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு உணவும் தனக்குரிய கூட்டைச் சரியாகக் கொண்டிருக்கிறதா என்பதையே இந்த மதிப்பீட்டுக்கு அளவாக வைத்துக்கொண்டேன். எவ்வளவு உறைக்கிறது என்பது இரண்டாவது கேள்வி.

நம் ஊர்க் கடைகளில் ‘செஜ்வான்’ என்ற பெயரில் கிடைக்கும் சிவப்புச் சட்னியை வைத்துச் சிச்சுவான் சமையலைக் கற்பனை செய்திருப்பவர்கள் அதை முதலில் மறந்துவிடுவது நல்லது. காய்ந்த மிளகாயையும் பூண்டையும் எண்ணெயில் வதக்கிச் செய்யும் அந்தச் சட்னி இந்தியாவில் உருவான சீன உணவுக்குச் சொந்தமானது. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அதை நானும் விரும்பியே சாப்பிடுவேன். ஆனால் சிச்சுவான் சமையலின் இரண்டு தூண்களான பிஷியன் தோபான் என்ற அவரை விழுதும் ஹுவாஜியாவ் என்ற சிச்சுவான் மிளகும் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை.

நான் இங்கே சொல்லும் உணவுகளில் பெரும்பாலானவற்றைச் செங்டுவாசிகள் ‘ஈக் கடை’ என்று செல்லமாகக் கேலி செய்யும் சிறு கடைகளில்தான் சாப்பிட்டேன். சந்துக்குள் நான்கைந்து மேசைகள், முதுகு சாயாத முக்காலிகள், சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, வாசலில் காத்திருக்கும் கூட்டம் ஆகியவையே அவற்றின் அடையாளம். உபசாரத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது. மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைக் கைபேசியால் வருடி நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சோறு பல இடங்களில் மரத்தொட்டியில் இருக்கும், வேண்டிய அளவு நாமே போட்டுக்கொள்ளலாம். தட்டுகள் எந்த வரிசையில் சமைத்து முடிகிறதோ அந்த வரிசையில் வந்து விழும். ஆனால் அடுப்பின் தீ பெரிது, சமையற்காரரின் கை வேகமானது, வாணலியிலிருந்து மேசைக்கு உணவு வரும் தூரம் பத்தடிக்கு மேல் இருக்காது. இந்தச் சமையலுக்கு அந்தத் தூரம் மிக முக்கியம் என்பது மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக்கட்டிக் குழம்பைச் சாப்பிடும்போது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு உணவைத்தான் சாப்பிட முடியும் என்றால் தயங்காமல் மாப்போ டோஃபுவையே கேளுங்கள். 1862இல் செங்டுவின் வடக்குப் பகுதியில் வான்ஃபு பாலத்தருகே சென் குடும்பத்தார் தொடங்கிய உணவுக்கடையில் இது பிறந்தது; பாலத்தைக் கடந்து எண்ணெய் சுமந்து செல்லும் கூலிகளுக்காக, முகத்தில் அம்மைத் தழும்பு கொண்ட அந்த வீட்டு அம்மாள் சமைத்ததே இந்த உணவு என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சென் மாப்போ டோஃபு என்ற அதே பெயரில் இன்றும் நகரில் கிளைகள் இயங்குகின்றன. அங்கே கருநிறக் கிண்ணத்தில் வந்த டோஃபு, மேசையில் வைத்த பிறகும் ஓரங்களில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குச் செந்நிற எண்ணெய், அதன்மேல் அப்போதுதான் பொடித்துத் தூவிய ஹுவாஜியாவ், அதன் மணத்தில் எலுமிச்சைத் தோலின் சாயல். எண்ணெயைப் பார்த்து மிரள வேண்டாம். அது முழுவதும் குடிப்பதற்கானதல்ல, சூடு இறங்காமல் மூடி வைப்பதற்கும் மணத்தைப் பிடித்து வைப்பதற்கும் உரியது.

இந்த உணவை மதிப்பிடச் சிச்சுவான்காரர்களே எட்டு அளவுகோல்களைச் சொல்கிறார்கள்: மரமரப்பு, காரம், சூடு, மணம், மொறுமொறுப்பு, மென்மை, நிறைசுவை, உயிர்ப்பு. இவற்றில் மொறுமொறுப்பு டோஃபுவுக்கு உரியதல்ல, கொத்திய மாட்டிறைச்சிக்கு உரியது. இறைச்சியை ஈரம் வற்றும்வரை கடுகெண்ணெயின் உறவான ரேப்சீட் எண்ணெயில் வறுத்திருந்தால்தான் மெத்தென்ற டோஃபுவுக்கிடையே அது தனியாகப் பல்லில் அகப்படும். உயிர்ப்பு என்பது நறுக்கிப் போட்ட பூண்டுத் தாள் நிறம் மங்காமல், வெந்து குழையாமல் நிற்பதைக் குறிக்கிறது. டோஃபுவை முன்கூட்டியே உப்பிட்ட வெந்நீரில் ஊற வைப்பதால் பச்சை வாடை போகிறது, கட்டிகளும் எளிதில் உடைவதில்லை. பிறகு தோபான் விழுதை எண்ணெயில் நிறம் இறங்கும்வரை வதக்கி, புளித்த கருப்பு சோயாவையும் மிளகாய்ப் பொடியையும் சேர்த்து, இறைச்சிச் சாறு ஊற்றி, டோஃபுவை மெல்லக் கொதிக்க விடுகிறார்கள். கடைசியில் மாவுக் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றாமல் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுவதுதான் தேர்ந்த கையின் அடையாளம். அப்போதுதான் குழம்பு கட்டியின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தனியே பிரிந்து கிண்ணத்தின் அடியில் தேங்காது. பாதி சாப்பிட்ட பிறகு கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். வெறும் நீர் நின்றால் அவசரத்தில் செய்தது என்று முடிவு கட்டிவிடலாம்.

நாக்கில் ஏற்படும் மரமரப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹுவாஜியாவ் நம் மிளகின் இனத்தைச் சேர்ந்ததல்ல; எலுமிச்சைக் குடும்பத்து மரத்தில் காய்க்கும் கனியின் ஓடு அது. கொங்கணக் கரையில் மீன் குழம்பில் போடும் திர்பலும் நேபாளத்தின் திமூரும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், கோவாவில் சாப்பிட்டவர்களுக்கு இந்த உணர்வு புதிதாக இராது. இதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், உதட்டில் உணரப்படும் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை என்று கணக்கிட்டார்கள். அதாவது இது சுவையே அன்று, ஒரு வகைத் தொடு உணர்வு. மிளகாயின் எரிச்சலோடு இது சேரும்போது எரிச்சல் சற்று மட்டுப்பட்டதுபோல் தோன்றுவதால், வழக்கமாகத் தாங்கக்கூடியதைவிட அதிகக் காரத்தை நாம் அறியாமலே சாப்பிட்டுவிடுகிறோம். முதல் முறை சாப்பிடும்போது தண்ணீர்கூட வேறு சுவையில் இருப்பதாகத் தோன்றும். பதற வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். சிச்சுவானின் ஹான்யுவான் வட்டாரத்தில் விளையும் ஹுவாஜியாவ் முற்காலத்தில் அரசவைக்குத் திறையாகச் சென்றது. மாப்போ டோஃபுவில் அந்தத் தரமான பொடி இல்லையென்றால் மரமரப்பு இருக்கும், மணம் இருக்காது, கடைசியில் ஒரு கசப்பு மட்டும் தொண்டையில் நிற்கும். மட்டமான கடைகளை நான் பிரித்தறிந்தது பெரும்பாலும் அந்தக் கசப்பை வைத்துத்தான்.

இரண்டாவது இடத்தைக் குங் பாவ் கோழிக்குத் தருவேன். உலகம் முழுவதும் இந்தப் பெயரில் கிடைக்கும் உணவைச் சாப்பிட்டு அலுத்தவர்களும் செங்டுவில் ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிச்சுவானின் ஆளுநராக 1876 முதல் 1886இல் இறக்கும்வரை இருந்த டிங் பாவ்ஜென் என்பவரின் பதவிப் பட்டத்தால் இந்த உணவு அழைக்கப்படுகிறது. அவர் குய்ஜோவில் பிறந்து ஷான்டோங்கிலும் ஆட்சி செய்தவர் என்பதால் மூன்று மாகாணங்களுமே இதற்கு உரிமை கொண்டாடுகின்றன. (பேரரசி சிசியின் செல்லப்பிள்ளையான அன் தெஹாய் என்ற அரண்மனை அலியை 1869இல் ஷான்டோங்கில் பிடித்துத் துணிச்சலாகத் தலையை வாங்கியவரும் இவரே, வரலாற்றில் அதற்காகவும் நினைக்கப்பட வேண்டியவர் ஒரு கோழிக்கறியின் பெயரிலேயே நிலைத்துவிட்டார்.) செங்டு வகையில் குடைமிளகாயும் கேரட்டும் கிடையாது. எலும்பு நீக்கிய தொடைக்கறி, வறுத்த நிலக்கடலை, வெங்காயத்தாளின் வெண்பகுதி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் நறுக்கப்பட்டு, காய்ந்த மிளகாயும் ஹுவாஜியாவும் கருகும் எல்லைக்குச் சற்று முன்பு வரை வறுபட்ட எண்ணெயில் ஓரிரு நிமிடங்களுக்குள் சமைத்து இறக்கப்படுகின்றன.

இதற்குரிய கூட்டை அவர்கள் லிச்சிச் சுவை என்கிறார்கள். லிச்சிப் பழம் எதுவும் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் லாங்ஜோங்கில் தயாராகும் பாவ்னிங் புளிக்காடியும் சேர்ந்து, முதலில் மெல்லிய புளிப்பும் அதன் பின்னே இனிப்பும் தோன்றுமாறு அளவு பார்க்கப்படுகின்றன. நான் சாப்பிட்ட நல்ல தட்டு ஒன்றில், கறி முழுவதும் எடுத்து முடித்த பிறகு அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேல் குழம்பு மிஞ்சவில்லை; அத்தனையும் கறியிலும் கடலையிலும் பூச்சாகப் பிடித்திருந்தது. கடலையைக் கடைசி நொடியில் சேர்த்திருந்தார்கள், அதனால் அது நறுக்கென்றே இருந்தது. சுற்றுலாத் தெருவொன்றில் இருந்த பெரிய உணவகத்திலும் இதையே கேட்டேன். அங்கே மாவுக் குழம்பில் மிதந்த நெஞ்சுக்கறித் துண்டுகளும் நமுத்துப்போன கடலையும் வந்தன, விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். தட்டிலுள்ள காய்ந்த மிளகாயைச் சாப்பிடத் தேவையில்லை, உள்ளூர்க்காரர்களும் ஒதுக்கியே வைக்கிறார்கள்.

பன்றி இறைச்சி உண்பவர்கள் ஹுய்குவோரோவைத் தவறவிடக் கூடாது. ‘சிச்சுவான் உணவு’ என்றவுடன் அம்மாநில மக்கள் வீட்டு நினைவோடு சொல்லும் பெயர் பெரும்பாலும் இதுதான். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக அமைந்த இறைச்சியை முழுத் துண்டாக வேகவைத்து, ஆறிய பின் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மறுபடி வாணலியில் போட்டு வதக்குகிறார்கள். கொழுப்பு உருகி வெளியேற, ஒவ்வொரு வில்லையும் அகல்விளக்குபோலக் குழிந்து வளைய வேண்டும் என்பது சமையற்காரர்கள் தாங்களே வைத்திருக்கும் இலக்கணம். தட்டு வந்தவுடன் நான் பார்த்ததும் அதைத்தான். தட்டையாகக் கிடந்தால் வில்லை தடிமனாக நறுக்கப்பட்டிருக்கிறது அல்லது தீ போதவில்லை. தோபான் விழுதின் உப்பும், கோதுமை மாவு விழுதின் லேசான இனிப்பும், பூண்டுத் தாளின் பச்சை மணமும் இதில் சேர்கின்றன. தனியாகச் சாப்பிட்டால் திகட்டும். வெறும் வெண்சோற்றின் மேல் இரண்டு வில்லையை வைத்துச் சாப்பிட்டால் இரண்டாவது கிண்ணம் சோற்றுக்குக் கை தானாகப் போகும். சிச்சுவான் உணவுகளில் பல இப்படிச் சோற்றுக்கென்றே செய்யப்பட்டவை என்பதைப் புரிந்துகொண்டால் ‘உப்பும் எண்ணெயும் அதிகம்’ என்ற புகார் பாதியாகக் குறைந்துவிடும்.

டான்டான் நூடுல்ஸ் வேறு வகை அனுபவம். காவடித் தண்டின் ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் சாமான்களுமாகத் தெருத் தெருவாகச் சுமந்து விற்ற உணவு என்பதால் அதன் அளவு இன்றைக்கும் சிறிதாகவே இருக்கிறது. நூடுல்ஸை இங்கே ‘லியாங்’ கணக்கில் கேட்க வேண்டும். ஒரு லியாங் என்பது 50 கிராம். சிற்றுண்டியாக ஒன்று, பசிக்கு இரண்டு கேட்டால் சரியாக இருக்கும். கிண்ணத்தின் அடியில் மிளகாய் எண்ணெய், சோயாச் சாறு, கொஞ்சம் புளிக்காடி, எள் விழுது, மேலே நூடுல்ஸ், அதற்கும் மேலே வறுத்த கொத்துக்கறியும் யிபின் நகரத்துக் கடுகுத் தண்டு ஊறுகாயும் இருக்கும். வந்தவுடன் அடிவரை நன்றாகப் புரட்டிவிட வேண்டும், இல்லையென்றால் முதல் வாய் சப்பென்றும் கடைசி வாய் நெருப்பாகவும் இருக்கும். வெளிநாட்டு உணவகங்களில் இதே பெயரில் கிண்ணம் நிறையச் சூப்போடு வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றக்கூடும். சூப்போடு கூடிய வகை, சிச்சுவான் சமையலை ஜப்பானில் பரப்பிய சென் கென்மின் அங்குள்ள மக்களின் நாக்குக்கு ஏற்ப மாற்றியது. எனக்குச் செங்டு வகையே பிடித்தது; ஆயினும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட விரும்புபவர்கள் இதை ஒரு முழு வேளை உணவாக நம்ப வேண்டாம்.

குடலும் போட்டியும் விரும்பிச் சாப்பிடுபவர்கள் ஃபூச்சி ஃபெய்பியனைக் கேட்டுப் பார்க்கலாம். மாட்டின் இதயம், நாக்கு, இரைப்பை ஆகியவற்றைத் தாளித்த சாற்றில் வேகவைத்து, தாள்போல் மெலிதாகச் சீவி, மிளகாய் எண்ணெயில் ஊறவைத்துக் குளிர்ந்த நிலையிலேயே தருகிறார்கள். செங்டுவில் 1930களில் குவோ சாவ்ஹுவா, ஜாங் தியன்ஜெங் என்ற கணவன் மனைவி இருவர் விற்றுப் புகழ் பெற்ற பண்டம் இது. சீவல் மெலிதாக இருந்தால் அருமை, தடித்தால் ரப்பர்.

சைவ உணவு உண்பவர்களுக்கு எச்சரிக்கையாகச் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டோஃபு, கத்தரிக்காய், பீன்ஸ் என்று பெயரில் காய்கறி மட்டுமே இருந்தாலும் கொத்துக்கறி ஒரு கரண்டி சேர்ந்தே வருவது இங்கே இயல்பு. சாறும் இறைச்சிச் சாறாகவே இருக்கும். ‘வோ சீ சூ’ என்று சொன்னால் நான் சைவம் என்பது புரிந்துவிடும், ஆனால் கொத்துக்கறி வேண்டாம் என்பதைத் தனியாகவும் சொல்வது பாதுகாப்பானது. அப்படிச் சொல்லி வாங்க வேண்டிய உணவு யூஷியாங் கத்தரிக்காய். மீன் சமைக்கப் பயன்படும் ஊறுகாய் மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சர்க்கரை, புளிக்காடி ஆகியவற்றின் கூட்டைக் கத்தரிக்காய்க்கு மாற்றியதே இது. மீன் ஒரு துண்டும் கிடையாது. எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய் உள்ளே வெண்ணெயாகக் குழைந்து, வெளியே அந்தப் புளிப்பினிப்புக் குழம்பைப் பூசிக்கொண்டு வருகிறது. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இந்தப் பட்டியலில் மிக எளிதாகப் பழகும் உணவு இதுவாகவே இருக்கும். முழுச் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் நகரின் நடுவே உள்ள வென்ஷு பௌத்த மடத்தின் உணவகத்துக்குப் போகலாம். பௌத்த மரபுப்படி இறைச்சி சேராத சமையல் அங்கே கிடைக்கும்.

இந்த ஊரின் சமையல் காரத்தில் நிற்பதல்ல என்பதற்குச் சான்று வேண்டுவோர், வசதியிருந்தால், பெரிய உணவகம் ஒன்றில் கைஷுய் பைத்சாய் உண்டா என்று விசாரிக்கலாம். வெந்நீரில் சீன முட்டைக்கோஸ் குருத்தைப் போட்டுத் தந்ததுபோல் தோற்றமளிக்கும். கரண்டியை வாயில் வைத்த பிறகுதான் அந்த ‘வெந்நீர்’ கோழி, வாத்து, உப்பிட்ட பன்றித் தொடை ஆகியவற்றை மணிக்கணக்கில் காய்ச்சி, அரைத்த கறியைச் சேர்த்துக் கசடையெல்லாம் பிரித்தெடுத்த தெளிவு என்பது தெரியும். மிளகாயும் ஹுவாஜியாவும் அதில் துளியும் இல்லை. விலை அதிகம், சிறு கடைகளில் கிடைக்காது, ஆனாலும் ஒரு முறைக்குத் தகும்.

ஹாட்பாட்டை முற்றிலும் ஒதுக்கிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பயணத்தின் பிற்பகுதியில், நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் அது நல்ல பொழுதுபோக்கு. ஆற்றுத்துறைக் கூலிகளின் உணவாகச் சோங்சிங் நகரில் வளர்ந்த அதன் சிவப்புச் சாறு மாட்டுக் கொழுப்பில் செய்யப்படுவது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் காய்கறியை மட்டும் அதில் முக்கி எடுத்தாலும் கொழுப்பு சேர்ந்தே வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அவர்களுக்கு இரண்டாகத் தடுத்த சட்டி உண்டு, ஆனால் வெள்ளைச் சாறும் பெரும்பாலும் எலும்புச் சாறுதான். இரைப்பைத் துண்டை ஏழு முறை தூக்கி எட்டு முறை தாழ்த்தி, பதினைந்து நொடிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கு. தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு தருவார்கள். காரத்தை அது உண்மையாகவே தணிக்கிறது. என் குறை ஒன்றே: எதை முக்கினாலும் கடைசியில் ஒரே சாற்றின் சுவையே மிஞ்சுகிறது. அதை முடித்துக்கொண்டு வெளியே வந்தால் சர்க்கரைப் பாகு ஊற்றிய குளிர்ந்த பிங்ஃபென் கூழ்க்கட்டியை வாங்கிச் சாப்பிடுங்கள், வாய் ஆறும்.

அளவைப் பொறுத்தவரை, சிறு கடைகளில் இரண்டு பேர் மாப்போ டோஃபு, குங் பாவ் கோழி, ஒரு கீரை வதக்கல், சோறு என்று கேட்டால் தாராளமாகப் போதும்; நான்கு தட்டு கேட்டால் மிஞ்சும். காரத்தைக் குறைக்கச் சொன்னால் கேட்பார்கள், ஆனால் மாப்போவில் குறைத்தால் உணவே கெட்டுவிடும், வேறொன்றை வாங்குவது மேல்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் திரும்பும்போது வாங்க வேண்டியவை இரண்டு. முதலாவது, செங்டுவை ஒட்டிய பிஷியனின் தோபான் விழுது: பூஞ்சை ஏற்றிய ஃபாவா அவரையும் உப்பிட்ட எர்ஜிங்தியாவ் மிளகாயும் திறந்தவெளி மண்சாடிகளில் பகல் வெயிலும் இரவுப் பனியும் பட்டுப் புளித்தவை. உள்ளூரில் பரவலாகப் புழங்கும் ஜுவான்செங் விழுது வீட்டுச் சமையலுக்குப் போதுமானது. பளிச்சென்ற சிவப்பில் இருப்பது இளசு. ஓராண்டுக்கு மேல் ஆனது செம்பழுப்பாக, எண்ணெய் அதிகமில்லாமல் இருக்கும், அதையே எடுங்கள். வாணலியில் போடுமுன் கத்தியால் கொத்திக்கொள்ள வேண்டும், உப்பைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. இரண்டாவது, ஹுவாஜியாவ். பொடியாக வாங்காமல் முழுதாக, சிறிதளவே வாங்குங்கள், ஏனெனில் சில மாதங்களில் மணம் போய்விடும். ஓடுகள் வாய் பிளந்து, உள்ளே கருவிதை இல்லாமல் இருக்க வேண்டும். விதை கலந்திருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு வறுத்துப் பொடிக்க வேண்டும். அந்த விதை எவ்வளவு அரைத்தாலும் மணலாகவே கடிபடும்.